சிங்கத்தின் பெயர் தாங்கிய கட்டியக்காரர்: ஸ்காட்லாந்தின் லார்ட் லயன்

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பழைய நகர வீதி முழுவதும் மக்கள் கூட்டம். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் அருகே மெர்கேட் கிராஸ் என்ற பழைய கல் மேடை ஒன்று உள்ளது. அந்த மேடையில், சிங்கமும் யாழும் பொன் நூலால் பின்னப்பட்ட கனத்த வெல்வெட் மேலங்கி அணிந்த ஒருவர் நின்றார். எக்காளம் முழங்கியது. கையில் இருந்த பத்திரத்தை அவர் உரத்த குரலில் வாசித்தார். மூன்று நாள்களுக்கு முன் எலிசபெத் மகாராணி காலமானார். மூன்றாம் சார்ல்ஸ் புதிய மன்னராகியுள்ளார் என்பதே அந்த அறிவிப்பு.

இணையமும் கைப்பேசியும் உள்ள இக்காலத்தில் அந்தச் செய்தி தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த மேடையில், அந்த உடையில், அந்தப் பதவியில் இருப்பவர் வாசித்தால்தான் ஸ்காட்லாந்தில் அறிவிப்பு முறையாக நிறைவேறியதாகப் பொருள். அன்று வாசித்தவர் ஜோசப் மாரோ. அவர் வகித்த பதவியின் பெயர் 'லார்ட் லயன் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்'. சுருக்கமாக, லார்ட் லயன்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. ராஜா மேடைக்கு வருவதற்கு முன் கட்டியக்காரன் வந்து, வரப்போவது யார், அவர் பெருமை என்ன என்று முழங்குவான். மன்னரின் வாயாக நின்று பேசும் அந்த வேலையை ஐரோப்பிய அரசவைகளில் செய்தவர்கள்தான் 'ஹெரால்டு' எனப்படும் கட்டியக்காரர்கள். ஸ்காட்லாந்தில் அவர்களுக்குத் தலைவர் லார்ட் லயன்.

அணிவகுப்பும் அலங்கார உடையும் இந்தப் பதவியின் வெளித்தோற்றம் மட்டுமே. ஆண்டில் பெரும்பாலான நாள்களில் லார்ட் லயன் வெல்வெட் அங்கி அணிவதில்லை. ஓர் அலுவலகத்தில் அமர்ந்து கோப்புகளைப் பார்க்கிறார், மனுக்களை விசாரிக்கிறார், தீர்ப்பு எழுதுகிறார்.

பெயர் வந்த கதை

ஸ்காட்லாந்து மன்னரின் கொடியில், பொன் நிறப் பின்னணியில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிவப்புச் சிங்கம் உண்டு. 'லயன்' என்ற பதவிப் பெயர் அந்தச் சிங்கத்தில் இருந்து வந்தது. பழைய எழுத்துக்கூட்டல் இன்றும் மாறவில்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆவணங்களிலேயே இந்தப் பதவி குறிப்பிடப்படுகிறது.

அதன் வேர் இன்னும் ஆழமானது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அரசவைக்குள் வருவதற்கு முன், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி பேசிய மன்னர்களிடம் 'ஷெனகி' என்றொரு வம்சப் புலவர் இருந்தார். மன்னரின் முன்னோர் பெயர்களை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருப்பது அவரது கடமை. 1249இல் மூன்றாம் அலெக்சாண்டர் ஸ்கோன் என்ற ஊரில் அரியணை ஏறியபோது ஒரு முதியவர் முன்னே வந்து, மன்னரின் தந்தை பெயர், தந்தையின் தந்தை பெயர் என்று பரம்பரை முழுவதையும் கேலிக் மொழியில் சொல்லி முடித்ததாக ஸ்காட்லாந்தின் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அலெக்சாண்டருக்கு அப்போது 8 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. "இந்தச் சிறுவன் யார், இவனுக்கு ஏன் இந்த அரியணை?" என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலே பதில்.

அந்தப் புலவரின் பணியும் பின்னாளில் லார்ட் லயன் பதவியோடு சேர்ந்துகொண்டது. ஆக, இந்தப் பதவிக்குத் தொடக்கம் முதலே இரண்டு வேலைகள்: ஒன்று அறிவிப்பது, மற்றொன்று நினைவில் வைப்பது.

கேடயத்தில் ஏன் படம்?

போர்க்களத்தில் இரும்புக் கவசம் அணிந்த வீரர்களின் முகம் தெரியாது. தன் ஆள் யார், எதிரி யார் என்று தூரத்தில் இருந்தே அறிய வேண்டும். அதற்காகக் கேடயத்திலும் மேலங்கியிலும் படம் வரையத் தொடங்கினார்கள். ஒருவர் சிங்கம், ஒருவர் கழுகு, ஒருவர் சிலுவை. 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இந்த வழக்கம் பரவியது. சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்று படித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. வேறுபாடு ஒன்று உண்டு. ஐரோப்பாவில் அரசர்கள் மட்டுமின்றித் தனிமனிதர்களும் இப்படிச் சின்னம் வைத்துக்கொண்டார்கள்.

அதனால் சிக்கலும் வந்தது. இருவர் ஒரே சின்னத்தைப் பயன்படுத்தினால் யாருக்கு உரிமை? அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் கட்டியக்காரர்கள். போட்டிகளிலும் போர்களிலும் யார் எந்தச் சின்னத்தோடு வந்தார்கள் என்று குறித்து வைப்பது அவர்கள் தொழில். நாளடைவில் அந்தக் குறிப்பேடே சட்ட ஆவணம் ஆனது.

சின்னத்துக்கு விதிகளும் உண்டு. பொன், வெள்ளி ஆகிய இரண்டும் 'உலோகங்கள்'. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை போன்றவை 'நிறங்கள்'. நிறத்தின் மேல் நிறமோ, உலோகத்தின் மேல் உலோகமோ வைக்கக்கூடாது. தூரத்தில் இருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே காரணம். இன்றைய சாலைப் பலகைகளிலும் இதே சிந்தனைதான்.

கை வைத்தால் தேசத்துரோகம்

கட்டியக்காரர் மன்னரின் குரல். அவரைத் தாக்கினால் மன்னரையே தாக்கியதாகக் கருதப்பட்டது. இது பேச்சுக்காகச் சொல்லப்பட்டதல்ல என்பதற்கு ஒரு சம்பவம் சாட்சி.

ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் 1513இல் போரில் இறந்தார். மறு ஆண்டே அவரது மனைவி மார்கரெட், ஆங்கஸ் பிரபுவை மணந்துகொண்டார். இதனால் அரசவையில் பெரும் சச்சரவு எழுந்தது. அந்தக் கொந்தளிப்பில் அரசவையின் அழைப்பாணையோடு லயன் வந்தார். ஆங்கஸின் தாத்தாவான டிரம்மண்ட் பிரபு ஆத்திரத்தில் அவரைக் கைநீட்டி அடித்துவிட்டார். முதியவர், பெரும் குடும்பத்துத் தலைவர், மகாராணிக்குச் சம்பந்தி வழி உறவு. எதுவும் உதவவில்லை. 1515இல் அவர் சிறையில் அடைக்கப்பட்டார். சொத்துகள் பறிமுதல் ஆயின. பின்னர்தான் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

அடி விழுந்தது ஒரு மனிதரின் மேல். தண்டனையோ அந்த மனிதர் சுமந்து வந்த பதவிக்காக.

மன்னர் முன் கேலி செய்த லயன்

நம் கூத்தில் கட்டியக்காரன் ராஜாவைப் புகழ்வதோடு நிறுத்த மாட்டான். இடையிடையே கேலியும் செய்வான். ஊர் நடப்பைக் குத்திக் காட்டுவான். ஸ்காட்லாந்திலும் அப்படி ஒரு லயன் இருந்தார் என்பது வியப்பான ஒற்றுமை.

அவர் சர் டேவிட் லிண்ட்சே. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் குழந்தையாக இருந்தபோது அவரைத் தூக்கி விளையாடிய அரண்மனைப் பணியாளர். பின்னாளில் லயன் பதவிக்கு உயர்ந்தவர். ஸ்காட்லாந்து பிரபுக்களின் சின்னங்களை வண்ணத்தில் வரைந்து அவர் தொகுத்த 1542ஆம் ஆண்டுக் கையெழுத்து நூல் இன்றும் போற்றப்படுகிறது.

அதே லிண்ட்சே ஒரு நாடகமும் எழுதினார். ஊழல் மிகுந்த மதகுருமார்கள், ஏழைகளைச் சுரண்டும் பெரிய மனிதர்கள் ஆகியோரைத் தாக்கும் அங்கத நாடகம் அது. அதில் ஓர் ஏழை மேடையேறி, தன் மாடுகளைப் பறிகொடுத்த கதையைச் சொல்லி நியாயம் கேட்கிறான். 1554இல் எடின்பரோவில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த மகாராணியின் முன்னிலையிலேயே அது திறந்தவெளியில் அரங்கேறியது. அரசின் அறிவிப்பை வாசித்த அதே மனிதர் அரசுக்குப் பிடிக்காததையும் எழுதினார்.

சொந்த நீதிமன்றம்

இங்கிலாந்திலும் கட்டியக்காரர்கள் உண்டு. 1484இல் தொடங்கிய 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' என்ற அமைப்பில் 13 பேர் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்கு அரசு தரும் ஊதியம் பழைய காலத்துக் கணக்கு. தலைமைப் பதவியில் இருக்கும் கார்ட்டருக்கு ஆண்டுக்கு 49 பவுண்டு 7 பென்ஸ். கடைநிலையில் இருப்பவருக்கு 13 பவுண்டு 95 பென்ஸ். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு! சின்னம் வடிவமைப்பது, வம்சாவளி ஆய்வு செய்து கொடுப்பது போன்ற தொழிலில் இருந்துதான் அவர்களுக்கு வருமானம்.

ஸ்காட்லாந்தின் நிலை வேறு. அங்கே லார்ட் லயன் ஒரு நீதிபதி. அவரது 'லயன் நீதிமன்றம்' ஸ்காட்லாந்து நீதித்துறையின் ஓர் அங்கம். அதற்கெனத் தனி அரசு வழக்கறிஞரும், ஆவணங்களைக் காக்கும் பதிவாளரும் உண்டு. மக்கள் செலுத்தும் கட்டணம் அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது.

இந்த அதிகாரத்துக்கு அடிப்படை 1592, 1672ஆம் ஆண்டுச் சட்டங்கள். 1672 சட்டத்தின்படி, ஸ்காட்லாந்தில் சின்னம் பயன்படுத்துவோர் அனைவரும் அதைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பதியாமல் பயன்படுத்தினால் அபராதம். அந்தச் சின்னம் பொறித்த பொருள்களையும் பறிமுதல் செய்யலாம். அன்று திறந்த பதிவேடு இன்றுவரை மூடப்படவில்லை. ஒவ்வொரு சின்னமும் கையால் வரையப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு அதில் சேர்க்கப்படுகிறது.

கால்பந்து முதல் கோல்ஃப் வரை

350 ஆண்டு பழைய சட்டம் தூசி படிந்து கிடக்கிறது என்று நினைத்தால் தவறு.

ஸ்காட்லாந்தின் பல கால்பந்துக் குழுக்கள் கேடய வடிவில் சின்னம் வைத்திருக்கின்றன. ஆனால் முறைப்படி பதியவில்லை. ஏர் யுனைடெட் குழுவின் சின்னம் பற்றி லயன் நீதிமன்றத்துக்குப் புகார் போனது. பல ஆண்டுகளாக ரசிகர்கள் சட்டையில் அணிந்த சின்னம்தான். ஆனாலும் சட்டம் சட்டமே. குழு புதிய சின்னத்துக்கு மாற வேண்டியதாயிற்று. ரசிகர்கள் பலருக்கு வருத்தம். "சிறு குழுவிடம் இவ்வளவு கண்டிப்பு தேவையா?" என்ற கேள்வியும் எழுந்தது.

ஆனால் கண்டிப்பு சிறியவர்களுக்கு மட்டும் அல்ல. டோனல்ட் டிரம்ப் அமெரிக்க அதிபராகும் முன், ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷியர் வட்டாரத்தில் கோல்ஃப் திடல் அமைக்கும் திட்டத்தில் இறங்கினார். அதன் விளம்பரங்களில் பதியாத ஒரு சின்னம் பயன்படுத்தப்பட்டது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று லயன் அலுவலகம் சுட்டிக்காட்டியது. கோடீஸ்வரர் என்பதால் விலக்கு இல்லை. கடைசியில் அவரது நிறுவனம் முறைப்படி மனுச் செய்தது. 2012இல் புதிய சின்னம் வழங்கப்பட்டது. இரட்டைத் தலைக் கழுகு கால்களில் கோல்ஃப் பந்துகளைப் பிடித்திருக்கும் சின்னம் அது. அதன் லத்தீன் வாசகத்துக்கு 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்று பொருள். சின்னம் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது!

மன்னரின் சிவப்புச் சிங்கக் கொடிக்கும் இதே பாதுகாப்பு உண்டு. சட்டப்படி அதைப் பறக்கவிடும் உரிமை மன்னருக்கும் அவரது பிரதிநிதிகள் சிலருக்கும் மட்டுமே. ஆனால் ஸ்காட்லாந்து அணி விளையாடும்போது திடல் முழுவதும் அந்தக் கொடிதான். 1935ஆம் ஆண்டு வெள்ளிவிழாவை ஒட்டி, மக்கள் கையில் பிடித்து அசைக்க ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த அனுமதியே இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுகிறது. கையில் அசைத்தால் பாசம். கம்பத்தில் ஏற்றினால் குற்றம்.

'உங்கள் குடும்பச் சின்னம்' விற்பனைக்கு

எடின்பரோவுக்குச் சுற்றுலா செல்பவர்கள் கடைகளில் ஒன்றைக் காணலாம். 'கேம்பல் குடும்பச் சின்னம்', 'மெக்டோனல்ட் குடும்பச் சின்னம்' என்று எழுதிய குவளைகள், சாவிக் கொத்துகள், சட்டகமிட்ட படங்கள். பெயரைச் சொன்னால் போதும், சின்னம் கிடைக்கும். இணையத்திலும் இதே வணிகம் உலகம் முழுவதும் நடக்கிறது.

லயன் நீதிமன்றத்தின் விதியோ தெளிவானது: குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. ஒரு சின்னம் ஒரு சமயத்தில் ஒரே ஒருவருக்குச் சொந்தம். அவருக்குப் பின் மூத்த வாரிசுக்கு அது அப்படியே செல்லும். இளைய பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் மனுச் செய்து, கேடயத்தைச் சுற்றி வேறு நிறக் கரை போன்ற சிறு மாற்றத்தோடு பதிந்துகொள்ளலாம். பார்த்த மாத்திரத்தில் உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும்.

அப்படியானால் குலத்தைச் சேர்ந்த சாதாரண மக்கள் என்ன அணிவது? குலத்தலைவரின் முகட்டுச் சின்னத்தை, சுற்றிலும் ஒரு வார்ப்பட்டையோடு அணியலாம். அந்தப் பட்டைக்கு ஒரு பொருள் உண்டு: 'இது என் சின்னம் அல்ல; என் தலைவரின் சின்னம். நான் அவரைச் சேர்ந்தவன்.' தலைவர் யார் என்பதில் தகராறு வந்தால், பழைய ஆவணங்களைப் பார்த்து முடிவு சொல்வதும் லார்ட் லயன்தான்.

யார் கேட்கலாம்?

சின்னம் பெற அரச குடும்பத்தில் பிறக்க வேண்டியதில்லை. நற்பண்பும் தகுதியும் உள்ளவர்களுக்கு வழங்கலாம் என்றே 1672 சட்டம் சொல்கிறது. ஸ்காட்லாந்தில் நிரந்தரமாக வாழ்பவர் எந்த இனத்தவராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், நகராட்சிகள், நிறுவனங்களும் கேட்கலாம்.

மனுதாரர் தன் பிறப்பு, பெற்றோர், தொழில் பற்றிய சான்றுகளைத் தர வேண்டும். பிறகு சின்னத்தின் வடிவம் பற்றிப் பேச்சு நடக்கும். அது வேறு எவருடைய சின்னத்தோடும் ஒத்துப்போகக்கூடாது. முடிவில் கையால் எழுதி வண்ணம் தீட்டிய பட்டயம் ஒன்று கிடைக்கும். கட்டணம் ஆயிரம் பவுண்டுகளைத் தாண்டும் என்பதால் எல்லாராலும் முடியாது என்பதும் உண்மையே.

இந்த அலுவலகம் ஆண்களுக்கு மட்டும் என்ற நிலையும் மாறியது. எலிசபெத் ரோட்ஸ் நீண்ட காலம் லயன் நீதிமன்றப் பதிவாளராகப் பணியாற்றினார். 1992இல் அவர் அரசவைக் கட்டியக்காரராகவும் நியமிக்கப்பட்டு, பெண்களுக்கு வழி திறந்தார்.

இன்றும் தேவையா?

மன்னராட்சி வேண்டாம் என்பவர்கள் ஸ்காட்லாந்தில் கணிசமாக உள்ளனர். 2022 அறிவிப்பின்போதும் கூட்டத்தில் சிலர் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். வெல்வெட் அங்கி, எக்காளம், இடைக்காலப் பட்டங்கள் எல்லாம் இக்காலத்துக்கு வேண்டாத ஆடம்பரம் என்பது அவர்களின் வாதம்.

மறுபக்கம் நிற்பவர்கள் சொல்வது இது: அங்கியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் அந்த அலுவலகத்தில் மிஞ்சுவது ஒரு பதிவேடு. யார் யாருக்குப் பிறந்தவர், எது யாருக்குச் சொந்தம் என்று பல நூறு ஆண்டுகளாக எழுதி வைத்த பதிவேடு. ஆட்சிகள் மாறின, நாடாளுமன்றங்கள் கலைந்தன, போர்கள் வந்து போயின. பதிவேடு தொடர்கிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் லார்ட் லயன் போன்ற பதவி இல்லை. ஆனால் கேடயம், இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்குகள், கீழே வாசகம் எழுதிய நாடா என்ற அதே அமைப்பில்தான் இரு நாடுகளின் தேசியச் சின்னங்களும் உள்ளன. மலேசியாவின் ஜாத்தா நெகாராவை இரண்டு புலிகள் தாங்குகின்றன. சிங்கப்பூரின் சின்னத்தை ஒரு சிங்கமும் ஒரு புலியும் தாங்குகின்றன. அவற்றைக் கண்டபடி பயன்படுத்தக்கூடாது என்று இங்கும் சட்டம் உண்டு. மலேசியாவில் 1963ஆம் ஆண்டுச் சட்டம். சிங்கப்பூரில் 2022இல் நிறைவேறிய தேசியச் சின்னங்கள் சட்டம்.

நாட்டின் சின்னத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. குடும்பத்தின் நினைவை எழுதி வைக்க அரசாங்க அதிகாரி எவரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. கப்பலேறி வந்து தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தாவின் அப்பா பெயர் என்ன, அவர் புறப்பட்ட ஊர் எது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் சொல்ல ஆள் இருக்காது. தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதற்குப் பட்டமும் வேண்டாம், வெல்வெட் அங்கியும் வேண்டாம். 1249இல் ஸ்கோனில் எழுந்து நின்ற அந்த முதியவர் செய்ததும் அவ்வளவுதான். தெரிந்த பெயர்களை ஒன்றுவிடாமல் சொன்னார்.